ஒரு வாளி மஞ்சள் தண்ணீர்

ஒரு பொருள் ஏன் மிதக்கிறது, ஏன் மூழ்குகிறது என்று பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கட்டிய புருஷனைத் தண்ணீரில் மூழ்கடிக்கப் பார்த்தவளும் நான்தான். இதை என் பள்ளிக்கூடத்தில் மட்டும் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் குமரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாளெல்லாம் உயரத்தில் உட்கார்ந்து கடலையே பார்க்கிற மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. (குளியலறையில் வாளி நிறைந்தாலே ஓரடி தள்ளித்தான் நிற்பார்.) ஒருநாள் சாப்பிடும்போது, "ஒரு தடவையாவது சின்ன போட்டுல போய்ப் பார்க்கணும் லா மாலா" என்றார். அவ்வளவுதான், எனக்குப் பிடித்துக்கொண்டது. இணையத்தில் பன்னிரண்டடி மோட்டார் படகுக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. வீட்டிலேயே செய்யலாம், இரண்டு வாரம் போதும் என்று போட்டிருந்தது. எனக்கு ஐந்து மாதம் ஆனது.

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் படகு வளர்ந்தது. கார் பாவம், ரோட்டில் கிடந்து வெயிலில் காய்ந்தது. பிளைவூட்டை அறுத்து, ஒட்டி, பசை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் சோற்றில்கூட மரத்தூள்.

வரைபடத்தின் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'தண்ணீரில் இறக்கும் முன் மூடியைப் பூட்டவும்.' படகின் பின்பலகையில், அடியோரமாக ஒரு ஓட்டை இருக்கும். கரைக்கு வந்தபிறகு உள்ளே தேங்கியதை வடிக்க. அதற்குத்தான் அந்தப் பித்தளை மூடி. அந்த வரிக்குச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, வரைபடத்தையே லேமினேட் செய்து வைத்தேன். டீச்சர் புத்தி!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லோரி வந்தது. படகை ஏற்றியாயிற்று. என் மாமியார் தாம்பாளத்தோடு வெளியே வந்தார்.

"புது வண்டிக்குப் பூஜை போடாம எப்படிம்மா?"

"அத்தே, இது போட்டு."

"இருக்கட்டும். சக்கரம் எங்க? எலுமிச்சம்பழம் வைக்கணும்ல?"

சக்கரம் இல்லாததால் பழங்கள் லோரி டயருக்கு அடியில் போயின. (தன் லோரிக்கு வந்த மரியாதையில் மலாய்க்கார டிரைவருக்கு ஒரே சந்தோஷம்.) தேங்காய் உடைத்து, திருஷ்டி கழிய ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைப் படகுக்குள்ளேயே ஊற்றினார் அத்தை. அது வடியட்டும் என்று நான் மூடியைத் திருகிக் கழற்றினேன். "இதுவும் வண்டிச் சாமான்தானே, குடு" என்று வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்துத் தாம்பாளத்தில் வைத்தார். தாம்பாளம் பூஜையறைக்குப் போனது. படகு ஆற்றுக்குப் போனது. நான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.

கழிமுகத்துப் பக்கம் ஒரு சிற்றாற்றில் படகை இறக்கினோம். டிரைவர் லோரியைத் திருப்பிக்கொண்டு போனார். "நீ கட்டினதுல நான்தான் முதல்ல ஏறுவேன்" என்று குமரன் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். உயிர்காக்கும் சட்டையின் கொக்கி அவர் தொப்பையைச் சுற்றி எட்டவே இல்லை. எஞ்சின் நாலாவது இழுப்பில் கிளம்பியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "மாலா, காலடியில தண்ணி" என்றார்.

எட்டிப் பார்த்தேன். பழுப்பும் மஞ்சளுமாக இருந்தது. "அத்தை ஊத்தினதுங்க. முழுசா வடியல போல."

பூஜைத் தண்ணீரல்லவா? குனிந்து விரலால் தொட்டு, பக்தியோடு தலையில் தெளித்துக்கொண்டார். கணுக்கால் நனைந்தது. அவருடைய ஒரு செருப்பு மிதந்து என் பக்கம் வந்தது. அவர் மெதுவாகக் கேட்டார்:

"அம்மா ஒரு வாளிதானே ஊத்தினாங்க?"

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. பின்பலகையில் கையை விட்டுத் துழாவினேன். விரல் ஓட்டை வழியாக வெளியே போய் ஆற்றைத் தொட்டது. கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தேன். எஞ்சினும் இருமிவிட்டு நின்றது. படகு அமுங்கியது. ஐயோ, என் புருஷனை நானே கொண்டுவந்து கொல்கிறேனே என்று ஓவென்று அழுதேன். "யாராச்சும் வாங்களேன்! அவருக்கு நீச்சல் தெரியாது!"

குமரன் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். "பரவால்ல மாலா. நீ நல்லாத்தான் கட்டினே" என்றார். எனக்கு அழுகை இன்னும் கூடியது.

இடுப்புவரை தண்ணீர் வந்ததும் படகு தொப்பென்று எதன்மேலோ உட்கார்ந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: "காக், பெர்டிரி லா." அக்கா, எழுந்து நில்லுங்க என்று சொன்னது ஒரு மலாய்க்காரர். வாளியும் கையுமாகச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவருக்கு முழங்கால்வரைதான் இருந்தது.

எழுந்து நின்றோம். எங்களுக்கும் முழங்கால்வரைதான். கடல் இறங்கி ஆற்றில் தண்ணீர் குறையும் வற்றம் என்று ஒன்று இருப்பதைப் பௌதிகம் படித்த நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. பார்க்காததுதான் எங்களைக் காப்பாற்றியது. அப்பாடா! அந்த நாற்றச் சேற்றில் குமரனைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். உயிரோடு இருக்கிறார், அதுபோதும் எனக்கு.

வீட்டுக்கு வந்து பூஜையறையைப் பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் மூடி பொட்டும் பூவுமாக ஜம்மென்று இருக்கிறது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பார்த்தியா? சாமிகிட்ட பத்திரமா வச்சேன், அதான் ஒண்ணும் ஆகல" என்றார் அத்தை.

இன்றுவரை மூடியை அவர் திருப்பித் தரவில்லை. படகுக்கு ஹார்ட்வேர் கடையில் புதுமூடி வாங்கினோம். பழையதற்கு வெள்ளிக்கிழமைதோறும் குங்கும அர்ச்சனை நடக்கிறது. ஒரு நாள் சாம்பார் கொஞ்சம் நீர்த்துப் போனால் போதும், குமரன் கரண்டியால் கலக்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்பார்:

"மாலா, அம்மா ஒரு வாளிதானே ஊத்தினாங்க?"