ஒல்லாந்தர் சறுக்கிய பனி

பழவேற்காட்டில் ஐஸ் கடைக்காரரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ரத்தக்கொதிப்பு ஏறாமல் வீடு திரும்பிய மனிதர் ஒருவரும் கிடையாது. மீன் ஏலத்தில் ஊரையே அதட்டுகிறவர்கள்கூட அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. வங்கி வேலையில் மாற்றலாகி வந்த நான் குடியிருந்ததே அவர் கடை மாடியில்.

ஊரில் அவரை ஒல்லாந்தர் என்பார்கள். பூனைக்கண் அவருக்கு. அந்த ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு காலத்தில் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரர்களின் வாரிசு தான் என்று சாதித்துவந்தார். டச்சுக் கல்லறைக்கு யாராவது வழி கேட்டால் போச்சு. கடையைப் போட்டது போட்டபடி விட்டுக் கூடவே போய், "எங்க தாத்தாவுக்குத் தாத்தா இங்கதான் படுத்துனு கீறாரு" என்று ஒரு கல்லைக் காட்டுவார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு கல். ஏன் இப்படி மாற்றிக் காட்டுகிறீர்கள் என்று கேட்டேன். பெரிய குடும்பம் என்றார்.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் என் பாடு திண்டாட்டம். படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். கடல் மீன் வராவிட்டால் ஐஸ் ஓடாது. வேலையில்லாத ஒல்லாந்தர் காலைக் காபிக்கு மாடியேறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், நானும் என் மனைவியும் லீவில் மணாலி போகப்போகும் விஷயம் அவர் காதில் விழுந்துவிட்டது. அங்கே காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவார்கள் என்று என் மனைவி வேறு சொல்லித் தொலைத்தாள்.

"ஐஸ் மேல நிக்கணும், அவ்ளோதானே? ஆயுசு பூரா நான் வேற இன்னா பண்ணினு கீறேன்?" என்று அவரும் கிளம்பிவிட்டார்.

சீசன் முடிகிற சமயம், பனி இருக்குமோ இருக்காதோ என்று இழுத்துப் பார்த்தேன். தடைக்காலத்தை விட்டால் தனக்கு லீவு ஏது என்று மடக்கினார். கடைசி நம்பிக்கையாக அவர் மனைவியிடம் போனேன். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "கூட்டினு போங்க சார். ரெண்டு மாசம் இந்த மனுசன வூட்ல வெச்சினு என்னால ஆவல. முழுசா கொண்ணாந்து உட்டுடுங்க, அது போதும்."

ஸ்வெட்டர் வாங்கச் சொன்னோம். ஒல்லாந்து ரத்தத்தில் குளிர் ஏறாது என்று லுங்கியும் அரைக்கைச் சட்டையுமாக ரயிலேறினார். மணாலியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் பற்கள் தந்தியடித்தன. குளிர்கிறதா என்றேன். பல் வலி என்றார். மறுநாள் முழங்காலும் ஆடியது. அதுவும் பல் வலிதானாம். என் மனைவி மனசு கேட்காமல் தன் சால்வையைக் கொடுத்தாள். மேடம் பாவம், எவ்வளவு நேரம் தூக்குவார்கள் என்று சொல்லி வாங்கி, கழுத்துவரை போர்த்திக்கொண்டார்.

பனி இருக்கும் இடத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேனில் போனோம். வழியெல்லாம் வெறும் பாறை. உச்சியில் ஒரே ஒரு சரிவில் மிச்சப் பனி கிடந்தது. வண்டிப் புகை படிந்து, கிழிந்த தலையணைப் பஞ்சுபோல இருந்தது. ஓரமெல்லாம் உருகிச் சேறாகியிருந்தது. ஒல்லாந்தர் குந்தி உட்கார்ந்து ஒரு கை அள்ளினார், பிசைந்தார், வாயில் போட்டுத் துப்பினார்.

"பழைய ஐஸு சார். உமியக் கொட்டி மேல கோணிய போட்ருந்தா இப்டி கரைஞ்சிருக்குமா?"

இதையே சறுக்கக் கற்றுக்கொடுக்கும் ஆளிடமும் தன் சந்தை இந்தியில் விளக்கினார். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவர் அவசரமாக ஒதுங்க இடம் கேட்கிறார் என்று நினைத்து ஒரு பாறையைக் கைகாட்டினார்.

லுங்கியைச் சுருட்டி உள்ளே திணித்து, வாடகைச் சிவப்பு உடுப்பை மாட்டி, காலில் நீளப் பலகைகளைப் பூட்டினார்கள். முதல் அடியிலேயே விழுந்தார். ஐஸ் சரியில்லை. மறுபடி விழுந்தார். பலகை சரியில்லை. அதற்கப்புறம் விழுந்ததற்கு நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்றார். அதனால் நான் சரிவுக்கு மேலேயிருந்த டீக்கடைக்குத் துரத்தப்பட்டேன். இடுப்பைப் பிடிக்க வந்த ஆசிரியருக்கும் அதே கதிதான். வேன் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். கூட வந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். நான் என் மனைவியைத் திட்டினேன். ஒரே ஒரு தடவை விழாமல் போய்விட்டு வருகிறேன் என்று கீழேயிருந்து கையாட்டினார் ஒல்லாந்தர்.

போனார். நிஜமாகவே போனார். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து, அந்தச் சிவப்பு உருவம் சரிவில் நேராக இறங்கியது. டீ கிளாஸோடு நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் யாரோ கைகூடத் தட்டினார்கள். எப்படி நிறுத்துவது என்பதைக் கற்றுக்கொள்வதற்குள் அவர் ஆசிரியரை அனுப்பிவிட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. பனி முடிந்தது. ஒல்லாந்தர் முடியவில்லை. சேற்றில் தெறித்து, விளிம்பைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்துபோனார்.

ஓடினேன். கும்பிட்ட அந்த அம்மாவின் கைதான் கண்முன் நின்றது. பேரைச் சொல்லிக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. "ஒல்லாந்தரே, ஒல்லாந்தரே" என்று இமயமலை முழுக்கக் கேட்கும்படி அலறிக்கொண்டே இறங்கினேன்.

விளிம்புக்குக் கீழே, பனி உருகி ஓடும் ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். ஒரு பலகையைக் காணோம். நெற்றியில் சிராய்ப்பு. உதடு நீலம் பாரித்திருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "குளுருது சார்" என்றார்.

என் ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன். ஓடிவந்த ஆசிரியரும் நானும் ஆளுக்கொரு தோளில் தாங்கி மேலே ஏற்றினோம். கணுக்கால் பிசகியிருந்தது. திரும்பி வந்த ரயிலில் அந்தக் காலை நீட்ட என் பெர்த்தையும் எடுத்துக்கொண்டார்.

பழவேற்காடு வந்து இரண்டாம் நாள், மீன் மார்க்கெட்டில் ஆளாளுக்கு என் உடம்பை விசாரித்தார்கள். புரியாமல் ஐஸ் கடைக்கு வந்தேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு ஒல்லாந்தர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பனியில் சறுக்கி ஓடையில் விழுந்தது சார்தானாம். குதித்துத் தூக்கியதில்தான் இவருக்குக் கால் பிசகியதாம். மாடிப்படியில் என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மெய்யா சார்? இவுரா உங்கள தூக்கனாரு?" என்று அவர் மனைவி கேட்டார்.

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒல்லாந்தர் மட்டும் பார்க்கவில்லை. கட்டுத் துணியின் முடிச்சை நோண்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. இவர் இல்லேன்னா நான் இல்லை" என்றேன்.

"சார் நல்ல வெயிட்டு" என்றார் ஒல்லாந்தர் உடனே.

பழவேற்காட்டுப் பக்கம் போகிறவர்கள் இந்தப் பத்திரிகையைக் கையோடு கொண்டுபோக நேர்ந்தால், இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த ஊரில் இன்றைக்கும் என் உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான்.