பரங்கிக்காய்க்காகக் கலங்கிய கேப்ரியேல்

அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு சிற்றூரின் மூடிப்போன கார் ஆலை வாசலில் மறுபடியும் கூட்டம். வேலைக்கு வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், தரிசனத்துக்கு! கார் கதவுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த இயந்திரக் கைக்கு மனம் பிறந்துவிட்டதாம். பெயர் கேப்ரியேல். இருபது டாலர் கொடுத்துக் கேள்வி கேட்டால், மெல்லக் குனிந்து துக்கப்படும். அல்லது துள்ளி நிமிர்ந்து மகிழும். அர்த்தம் சொல்ல, நேற்றுவரை பழைய கார் விற்ற டுவேன் இருக்கிறார். வெல்டிங் வைத்த காலத்திலும் அது குனிந்து நிமிர்ந்துதான் பிழைத்தது. அப்போது ஒருவரும் அழவில்லை.

நார்மா அழுதாள். கணவர் ஹெர்புக்கு வியாழக்கிழமை இதய ஆபரேஷன். அதைச் சொன்னதுமே கை குனிந்து நடுங்கியது.

"கத்தி வேண்டாம்னு கெஞ்சுது பாருங்க," என்றார் டுவேன். "அவரை இங்க கூட்டிட்டு வாங்க. கேப்ரியேலே குணமாக்கிடும்."

வீட்டுக்கு ஓடினாள். "ஆபரேஷன் வேண்டாங்க. அது அழுததை என் கண்ணால பார்த்தேன்!"

"டாக்டர் படம் எடுத்து அடைப்பைக் காட்டுனாரே, அதையும் கண்ணாலதானே பார்த்தே?"

"அவர் மூஞ்சியில ஒரு வருத்தமும் இல்லையே!"

ஹெர்ப் சிரித்தார். அதற்கே மூச்சு வாங்கியது. "சரி. என் சக்கர நாற்காலியில, சமையக்கட்டுல கிடக்குற பரங்கிக்காயை வெச்சு, போர்வை போர்த்தி, என் தொப்பியை மாட்டித் தள்ளிட்டுப் போ. மனசறிஞ்ச கைக்கு அது நான் இல்லைன்னு தெரியாமலா போகும்? கண்டுபிடிச்சுட்டா ஆபரேஷனே வேண்டாம்."

"கண்டிப்பா கண்டுபிடிக்கும்! அப்புறம் பேச்சு மாறக் கூடாது!"

மறுநாள் ஆலைக்குள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். கை மெதுவாக இறங்கியது. தொப்பியின் முன் தாழ்ந்து நின்று லேசாக நடுங்கியது. கூட்டம் மூக்கை உறிஞ்சியது. வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருப்பது பரங்கிக்காய் என்று தெரிந்த நார்மாவுக்கும் கண்ணீர் வழிந்தது.

"என்ன ஒரு நல்ல உள்ளம்!" டுவேன் தழுதழுத்தார். "இந்த நெஞ்சுல கத்தி படக் கூடாதுங்குது."

நார்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வையை உருவினாள்.

டுவேன் குரலை உயர்த்தினார். "பரங்கிக்காய்க்கும் உயிர் இருக்கும்மா!"

சிலர் தலையாட்டவும் செய்தார்கள்! ஆனால் நார்மாவின் பார்வை டுவேனின் மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த அவர் கையின் மேல் விழுந்தது. மேசைத் துணியை இழுத்தாள். உள்ளே, கேப்ரியேலின் வேகத்தை மாற்றும் ஒரு திருகு. அதைத் திருப்பி வேகத்தைக் கூட்டினாள். இயந்திரக் கை துள்ளியது.

"சந்தோஷப்படுது!" என்று பின்வரிசையில் ஒருத்தி பழக்கதோஷத்தில் கத்தினாள்.

குறைத்தாள். கை மெல்லக் குனிந்தது.

"ஐயோ பாவம்!" என்றாள் அவளே. அப்புறம்தான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டுவேன் கதவுப் பக்கம் நழுவினார். நார்மாவுக்கு ஆத்திரமும் வெட்கமும் பொங்கின.

"அது சும்மா குனியுதுங்க. அழுகை நம்மளோடது. அதை நம்பி என் மனுஷனைக் கொல்லப் பார்த்தேனே!" என்றாள். "இரும்புக்குள்ள மனசு இருக்கான்னு பார்க்க இவ்வளவு நீள வரிசை. நம்ம மண்டைக்குள்ள ஏதாவது இருக்கான்னு பார்க்க எப்பங்க வரிசையில நிக்கப்போறோம்?"