வெளியே கைப்பிடி இல்லாத கதவு

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். எனக்குச் சர்க்கரையும் அவளுக்கு ரத்தக் கொதிப்பும் எங்களைவிடச் சுகம். கடல் தாண்டி இருக்கும் உங்களையும் அக்காவையும் பிள்ளைகளையும் ஆண்டவர் தமது சிறகின் கீழ் வைத்துக்கொள்ளும்படி தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டுக்கொள்கிறோம். போன வாரம் போனில் நீங்கள் வேறு எதையும் விசாரிக்காமல், "கதவு எப்படி இருக்கு, பாலிஷ் மங்காம இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நானும் "அருமையா இருக்கு மச்சான்" என்று மென்று முழுங்கிவிட்டேன். உங்கள் தங்கை பக்கத்தில் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். கதவு அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவால் நடந்ததைப் போனில் சொன்னால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நம் சபைக்கு நீங்கள் காணிக்கையாகச் செய்து கொடுத்த கதவு சாதாரணக் கதவா? கர்த்தர் வாசலில் நின்று கையை ஓங்கித் தட்டுகிற மாதிரி ஆள் உயரத்துக்குச் செதுக்கி, அடியில் உங்கள் பேரும் அக்கா பேரும் பித்தளையில் பதித்து, பார்க்கிறவர்கள் முதலில் உங்கள் பேரைப் படித்துவிட்டு அப்புறம்தான் கர்த்தரைப் பார்ப்பார்கள், அவ்வளவு பளபளப்பு. அதோடு விட்டீர்களா? "இருதயக் கதவுக்கு வெளியில கைப்பிடி கிடையாது, மனுஷன் உள்ளேருந்து திறந்தாத்தான் உண்டு. அதனால இந்தக் கதவுக்கும் வெளியில கைப்பிடி வைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினீர்கள். ஆசாரி தலையைச் சொறிந்தார். "அப்ப வெளியிலேருந்து எப்படிங்க தொறப்பீங்க?" என்றார். சபைச் செயலாளர், "அதெல்லாம் ஆவிக்குரிய விஷயம்ப்பா, உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டார். பிரதிஷ்டை அன்றைக்கே புரிந்துவிட்டது. பேராயர் முழு அங்கியோடு வெளியில் நின்று ஜெபித்து, எண்ணெய் பூசி, போட்டோவுக்காக ஒரு அடி பின்னால் போன நேரம் காற்று அடித்துக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருந்த எங்கள் எல்லோருக்கும் பாட்டு மும்முரம். கடைசியில் அவரை நாற்காலி போட்டு ஏற்றிப் பின்பக்க அறை ஜன்னல் வழியாகத்தான் இறக்கினோம். அன்றைக்கே ஒரு கைப்பிடி மாட்டியிருக்கலாம். கமிட்டி கூடிப் பேசி, காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் காப்பி குடித்துக் கலைந்தது.

இப்போது போதகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர், சின்ன வயது, பேசத் தெரிந்தவர், யாரிடம் என்ன பேசக் கூடாது என்று தெரியாதவர். வந்ததும் வராததுமாக, கடைசிக் காலத்தைப் பற்றிய தீர்க்கதரிசனத்தை எடுத்துக்கொண்டு, வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற ஏழு சபைகளையும் வாரத்துக்கு ஒன்றாகப் பிரசங்கம் செய்தார். நம் ஜனங்களுக்குத் தீர்க்கதரிசனம் என்றால் கொள்ளை ஆசை. எந்த நாட்டில் சண்டை மூண்டது, எங்கே பூமி அதிர்ந்தது என்று பேப்பரைப் பார்த்து, "கர்த்தருடைய வருகை சமீபம் அங்கிள், நாளைக்கே வந்தாலும் வந்துடுவார்" என்பார்கள். சொன்ன வாயாலேயே இருபது வருடத் தவணையில் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு எந்த டைல்ஸ் நன்றாக இருக்கும் என்றும் கேட்பார்கள். ஒவ்வொரு வாரமும் போதகர் ஒரு சபையின் குற்றத்தைச் சொல்ல, அது ஊரில் எந்தச் சபைக்குப் பொருந்தும் என்று வாசலில் நின்று பங்கு போட்டுக் கொடுத்தோம். அன்பை விட்ட சபை அடுத்த தெருவுக்கு, பேர் மட்டும் உயிரோடு இருக்கிற சபை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக்கு. கடைசியில் ஒன்றுதான் மிச்சம் நின்றது: குளிரும் இல்லாமல் அனலும் இல்லாமல், எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டு, தன் நிர்வாணம் தனக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்கிற சபை. அதைக் கமிட்டியில் விவாதத்துக்கு எடுத்து, அது நாம் அல்ல என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். நானும்தான் கை தூக்கினேன். அதே கூட்டத்தில் ஏ.சி. அதிகக் குளிர் என்று பாதிப்பேரும் போதவில்லை என்று பாதிப்பேரும் சண்டை போட்டு, கடைசியில் நடுவாந்தரமாக வைப்பது என்று முடிவானது. போதகர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஏழாவது ஞாயிறு வந்தது. அந்தக் கடைசிச் சபையின் வாசலில்தானே கர்த்தர் நின்று தட்டுகிறார், அதைச் சபையார் மறக்காதபடி செய்ய வேண்டும் என்று போதகர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பிரசங்கம் முடிகிற இடத்தில் விளக்கை எல்லாம் அணைத்து, எல்லோரும் கண்ணை மூட, தட்டுகிற சத்தம் ஸ்பீக்கரில் வரும். மைக் செட்டுக்காரர் நல்ல கனமான சத்தமாகத் தேடிப் பதிவு செய்து வைத்திருந்தார். சபையாருக்கும் முன்னமே சொல்லியாகிவிட்டது: சத்தம் கேட்கும், யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது, உள்ளத்தில் தியானிக்க வேண்டும். அன்றைக்கு ஒருவர்கூட வெளியே இருக்கக் கூடாது என்று கேட்டில் நிற்கிற காவலாளியையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போல் கதவைச் சாத்தினார்கள். வெளியே சரியான மழை.

போதகர் உருக்கமாகப் பேசிக்கொண்டு வந்தார். "பிரியமானவர்களே, அவர் வெளியே நிற்கிறார். தம்முடைய சொந்த வீட்டுக்கே வெளியே நிற்கிறார்" என்று சொல்லி நிறுத்தினார், மச்சான். அந்த நொடியில் கதவு தட்டப்பட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சபை முழுக்க ஒரு விம்மல். மைக் செட்டுக்காரர் மட்டும் பொத்தானைப் பார்ப்பதும் போதகரைப் பார்ப்பதுமாக முழித்தார். போதகரோ அவர்தான் சத்தத்தைச் சரியாகப் போட்டுவிட்டார் என்று நினைத்து, "கேட்கிறதா?" என்றார். "கேட்கிறது!" என்றோம். "திறப்பீர்களா?" என்றார். "திறப்போம் ஆண்டவரே!" என்று கத்தினோம். ஆமென் அங்கிள் இருக்கிறாரே, எதற்கும் எல்லோருக்கும் முந்தி ஆமென் போடுகிறவர், அவர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு அழுதார். தட்டுகிற சத்தம் கூடியது. நாங்களும் சத்தத்தைக் கூட்டினோம். எதையோ வைத்து இடிக்கிற மாதிரி கேட்டது. "அத்தான்! அக்கா! கதவைத் தொறங்க, யாராச்சும் தொறங்களேன்!" என்று ஒரு பெண் குரல். எனக்குப் பின்னால் இருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஆளு வெச்சு நடிக்க வெச்சிருக்காங்க, என்ன தத்ரூபம் பாருங்க" என்றார். உங்கள் தங்கை என் கையைப் பிடித்து, "என்னங்க, இது சின்னவ குரல் மாதிரி இருக்கே" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெப நேரத்துல பேசாத, கண்ண மூடு" என்றேன். அவளும் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. அப்புறம் ஸ்பீக்கரில் அந்தப் பதிவு செய்த சத்தம் வந்தது. அது அவ்வளவு நன்றாக இல்லை என்று பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

சின்னவள்தான் மச்சான். உங்கள் கடைசித் தங்கை. பெயின்டரைக் கட்டிக்கொண்டு தகரக் கொட்டகைச் சபைக்குப் போனாள் என்பதற்காக, செத்தாலும் என் வாசலை மிதிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்களே, அவள் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. நீங்கள் செய்து கொடுத்த வாசலைத்தான் மிதித்தாள். காலையில் என் சகலை, அவள் புருஷன், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கீழே விழுந்துவிட்டார். மழையில் ஒரு வண்டி வரவில்லை. போனில் கூப்பிட்டிருக்கிறாள்; நாங்கள் போனை அணைத்து வைத்திருந்தோம், போதகர் சொன்னபடி. அடுத்த தெருதானே, சபையில் அத்தனை கார் நிற்குமே, அத்தான் இருப்பாரே என்று ஓடி வந்திருக்கிறாள். வெளியில் காருக்குக் குறைவில்லை, உள்ளே ஆளுக்குக் குறைவில்லை, நடுவில் உங்கள் கதவு. கடைசியில் தண்ணீர் கேன் போடுகிற வண்டிக்காரரை மறித்து, கேன்களுக்கு நடுவில் புருஷனைக் கிடத்தி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

எங்களுக்கு இது எப்போது தெரிந்தது? ஆராதனை முடிந்து கதவைத் திறந்தால் படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கதவில், கர்த்தருடைய ஓங்கிய கைக்குக் கீழே, குடைக் கம்பியால் இடித்த கீறல். செருப்பைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கீறலைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "இவ்வளவு வெல போட்டுச் செஞ்ச கதவு, கேமரா பாத்து ஆளப் புடிக்கணும்" என்று செயலாளர் குதித்தார். உங்கள் தங்கை அந்தச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

போனைப் போட்டால் சின்னவளின் அழைப்புகள் வரிசையாக நின்றன; திருப்பிக் கூப்பிட்டு விவரம் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிர் தப்பிவிட்டது. வலது கையும் வலது காலும் வரவில்லை. பெயின்டருக்கு வலது கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது மச்சான்? பார்க்க வந்த நரம்பு டாக்டர் யார் தெரியுமா, நம் சபையில் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவர். பரிசோதித்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருந்தா கையக் காப்பாத்தியிருக்கலாமேம்மா, ஏன் லேட் பண்ணீங்க?" என்று சின்னவளைக் கேட்டார். தட்டுகிற சத்தம் கேட்டு அவர் கர்ச்சீப் நனைய அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். சின்னவள் புருஷனுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். "கவலப்படாத, எந்த உதவின்னாலும் யோசிக்காத, நேரா வந்து கதவத் தட்டும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மச்சான், என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் நான் பட்டதில்லை.

அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்க மேடையில் ஏறி, "அந்த ஏழாவது சபை நாம்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்" என்று அழுதார். இந்தத் தடவை யாரும் அழவில்லை. கதவுக்கு வெளியே கைப்பிடி வைத்தே ஆக வேண்டும் என்றார். வாசலில் நின்று செயலாளர், "காணிக்கை குடுத்தவர் சம்மதம் இல்லாம கைய வெக்க முடியாது" என்றார். போதகரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லிப் பேராயருக்கு ஒரு மனு தயாராகிறது. ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான்: கைப்பிடி வைக்கச் சம்மதம் என்று இரண்டு வரி எழுதுங்கள். போதகரைத் தொடக் கூடாது என்று இன்னொரு வரி எழுதுங்கள். அடுத்த விமானம் ஏறி வந்து சின்னவள் வீட்டுக் கதவை நீங்களே தட்டுங்கள். அவள் திறக்காவிட்டால் திறக்கிற வரைக்கும் மழையிலே நில்லுங்கள். நானும் பக்கத்தில் நிற்கிறேன். கமிட்டி, தீர்மானம், பித்தளைப் பேர்ப்பலகை எல்லாவற்றின்மேலும் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. எது வந்தாலும் சரி, இந்தக் கதவு விஷயத்தில் நான் இனிமேல் வாயை மூடிக்கொண்டிருப்பதாக இல்லை.

அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரங்கள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். பரலோகத்தின் சமாதானம் உங்கள் வீட்டை நிரப்பி, நிரம்பி வழிந்து, கொஞ்சம் எங்கள் பக்கமும் வரட்டும்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் தங்கள் மைத்துனன்

பி.கு.: இதைக் கவரில் போடும் நேரம் செயலாளரும் ஆமென் அங்கிளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள், நாம்தான் அவசரப்பட்டுத் தப்பாக எடைபோட்டுவிடுகிறோம். செயலாளருக்கு முட்டி வலியாம், பொறுப்பைத் தொடர முடியவில்லையாம். கமிட்டி ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்றேன், விடவில்லை. கதவுச் சாவியும் இப்போது என்னிடம்தான். நிதானமாக யோசித்துப் பார்த்தால், கைப்பிடி வைத்தால் கண்டவர்களும் பிரசங்க நேரத்தில் உள்ளே வந்துபோவார்கள், சிற்பத்தின் அழகும் கெட்டுவிடும். அதனால் மேலே எழுதியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வரியும் எழுத வேண்டாம், விமானமும் ஏற வேண்டாம், பாலிஷுக்கு நல்ல ஆள் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். போதகரை மாற்றச் சொல்லும் மனுவில் செயலாளர் என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமாம், போட்டுவிட்டேன். அன்றைய ஆராதனையை எல்லோரும் புகழ்வதால், தட்டுகிற நிகழ்ச்சியை வருடாவருடம் வைப்பதாகவும் பேச்சு.

வாசலில் யாரோ ரொம்ப நேரமாகத் தட்டுகிறார்கள். கேட்டால் சின்னவள் தட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. உங்கள் தங்கை உள்ளே ஜெபத்தில் இருக்கிறாள், எழுப்பக் கூடாது. நானும் கவரை ஒட்டி ஸ்டாம்ப் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.