‘மா’ சேர்த்த மறுபதிப்பு

மனித குலத்தைத் தட்டி எழுப்பியவர்கள் பலர். அவர்களெல்லாம் திட்டம் போட்டு, மேடை கட்டி, தொண்டை கிழியப் பேசி எழுப்பியவர்கள். தான் தூங்க வேண்டும் என்பதற்காகப் போட்ட ஒரே கூச்சலில் ஒரு தலைமுறையையே எழுப்பி உட்கார வைத்த பெருமை ஒருவருக்குத்தான் உண்டு. அவர் ஒரு நர்ஸ்.

அப்போது அவருக்குக் கல்யாணமான புதிது. இரவு ட்யூட்டி முடிந்து வந்து, காலையில் தலையணையில் தலை வைப்பார். மாடி அறையில் குடியிருந்த நான்கு இளைஞர்களுக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் கலைத்தாகம் எடுக்கும். கிடாரை மின்சாரத்தில் சொருகி உலகத்தின் மீது தங்களுக்கிருந்த கோபத்தை வெளியிடுவார்கள். உலகம் அப்போது வேலைக்குப் போயிருக்கும். அகப்பட்டவர் கீழ்வீட்டு நர்ஸ்தான்.

ஒருநாள் அவர் பொறுமை போய், ஒட்டடைக் கம்பால் மேல்தளத்தை நாலு இடி இடித்து, ஜன்னல் வழியாகக் கத்தினார்:

“டேய், மனுஷங்க தூங்க வேணாமாடா!”

மேலே பாட்டைப் பதிவு செய்ய டேப் ஓடிக்கொண்டிருந்தது. ‘மா’ வந்த இடத்தில் கிடார் ‘கீ’ என்று அலறி அதை விழுங்கிவிட்டது. மிச்சத்தைக் கேட்டவர்களின் காது தானாகவே சரிசெய்துகொண்டது: “மனுஷங்க தூங்க வேணாம்டா!”

மறுபடி பதிவு செய்ய வேறு டேப் இல்லாததால் அப்படியே விட்டார்கள். ‘இடைஞ்சல்’ என்ற அந்த ராக் ஆல்பம் வெளிவந்ததும் விமர்சகர்கள் ஆடிப்போனார்கள். ‘உறங்கும் சமூகத்தின் செவிட்டில் விழுந்த அறை’ என்றார் ஒருவர். ஒட்டடைக் கம்பின் ஓசைக்கு ‘அடித்தட்டு மக்களின் தாளம்’ என்று பெயர் வைத்தார் இன்னொருவர். அதில் தவறில்லை. தட்டியவர் குடியிருந்தது அடித்தளத்தில்தான்.

இந்தப் புகழ் எதுவும் நர்ஸுக்குத் தெரியாது. வீடு மாறினார். பிள்ளை பெற்றார். தலைமை நர்ஸ் ஆனார். வார்டில் குரலை உயர்த்தாமலே வேலை வாங்கப் பழகினார். ஒரு மாலை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தபோதுதான் அவளுடைய பனியனில் எழுதியிருந்ததைக் கவனித்தார். ‘மனுஷங்க தூங்க வேணாம்டா!’

“என்னடி இது கண்றாவி?”

“ஆபீஸ்ல குடுத்தாங்கம்மா. பெரிய ராக் பாட்டு. எங்க மேனேஜர் தினமும் மீட்டிங்குக்கு முன்னால போடுவாரு. கேட்டுட்டுதான் ஓவர்டைம் ஆரம்பிப்போம்.”

கண்ணை மூடியபடியே மகள் போனில் பாட்டைப் போட்டுக் காட்டினாள். நர்ஸின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“இது நான்டி!”

மகளுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. “ஐயோ அம்மா! நீ ராக் ஸ்டாராம்மா?”

நர்ஸுக்கு ஒரு நிமிஷம் உச்சி குளிர்ந்தது உண்மை. கண்ணாடி முன்னால் போய் நின்று ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் உறைத்தது. “நான் அப்படிச் சொல்லவே இல்லையேடி!”

மகள் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்ததில், அந்த வாரமே ஆல்பம் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ‘இடைஞ்ச’லை டீலக்ஸ் பதிப்பாகக் கொண்டுவரப் போகிறார்கள். தடித்த அட்டைப் பெட்டி, படப் புத்தகம், கெட்டுப்போன ஒத்திகைகள் எல்லாம் உண்டு. மூல டேப்பில் அந்தக் கூச்சல் இருந்த இடத்தில் மட்டும் பூஞ்சை பிடித்துவிட்டதாம். நர்ஸ் வந்து மறுபடி ஒருமுறை கத்திக் கொடுக்க வேண்டும்.

ஸ்டூடியோவில் மூன்று பேர் காத்திருந்தார்கள். கம்பெனியின் ‘மரபுச் செல்வப் பிரிவு’ மேலாளர். மாடி இளைஞர்களில் பாடகராக இருந்தவர்; அன்று கலகக்காரர், இப்போது கம்பெனிகளுக்குப் போய் ‘விழித்திருப்பவனே வெல்வான்’ என்று பேசி வருகிறார். மூன்றாமவர் ஒலிப்பதிவாளர். அவர் கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

“மேடம், உங்க குரல் ஒரு தேசியச் சொத்து” என்றார் மேலாளர்.

“சொத்து இருக்கட்டும் சார். அதுல ஒரு எழுத்து காணோம். நான் சொன்னது ‘வேணாமாடா’. கேள்வி.”

மேலாளர் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். அதாவது, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “மேடம், ‘மா’ சேர்த்தா அது மரபுக்குப் பங்கம். ரசிகர்கள் மனசு புண்படும்.”

நர்ஸ் பாடகரைப் பார்த்தார். “தம்பி, மேலதானே இருந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?”

பாடகர் நெளிந்தார். “தெரியும்க்கா. அப்பவே தெளிவாக் கேட்டுது. ஆனா அந்த ‘மா’ வந்துட்டா என் பொழப்புல மண்ணு விழுந்துடும்க்கா. அடுத்த வாரம்கூட ஒரு பேங்க்ல பேசப் போறேன்.”

“சரி, முதல்ல கத்திப் பாருங்க மேடம்” என்று சமாதானம் செய்தார் மேலாளர்.

நர்ஸ் மைக் முன் நின்று, “மனுஷங்க தூங்க வேணாமாப்பா?” என்றார். ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படும் நோயாளியிடம் பேசுகிற குரல் அது.

“கோபம் வேணும் மேடம்! கொஞ்சம் ஆவேசம்!”

எவ்வளவு முயன்றும் ஆவேசம் வரவில்லை. அதற்குள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ‘தொப்’ என்று ஒரு சத்தம். ஒலிப்பதிவாளரின் தலை பொத்தான்களின் மேல் சாய்ந்திருந்தது. மேலாளர் பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“எழுந்திருய்யா! நாலு நாள் கண் முழிச்சவன் இன்னும் ஒரு மணி நேரம் முழிக்க மாட்டியா? பாட்டே என்ன சொல்லுது?”

நர்ஸுக்குள் ஏதோ ஒன்று தெறித்தது. அந்தத் தலையில் அவர் தன் மகளின் தலையைக் கண்டார்.

“டேய், மனுஷங்க தூங்க வேணாமாடா!”

கண்ணாடி அதிர்ந்தது. ஒலிப்பதிவாளர் விழித்து, பழக்க தோஷத்தில் ‘ஓகே’ என்று கட்டைவிரலைக் காட்டினார். மைக் அணைக்கப்படவில்லை, அத்தனையும் பதிவாகியிருந்தது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதே குரல்! அதே நெருப்பு! ஒரே ஒரு எழுத்துதான் அதிகம்.”

“அந்த எழுத்து இல்லேன்னா கையெழுத்தும் இல்லை” என்றார் நர்ஸ்.

மேலாளர் பலமாக யோசித்து, பாடகரிடம் ஏதோ கிசுகிசுத்து, கடைசியில் பெருந்தன்மையோடு தலையசைத்தார். “உங்க ‘மா’ டீலக்ஸ் பதிப்புல கண்டிப்பா வரும் மேடம். சத்தியம்.” நர்ஸ் கையெழுத்துப் போட்டார். போகும்போது ஒலிப்பதிவாளரைத் தன்னோடு ஆட்டோவில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

டீலக்ஸ் பதிப்பு வெளிவந்தது. கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. பெட்டியின் மேலேயே பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்: ‘இதுவரை வெளிவராத ஓர் உயிர்மெய் எழுத்துடன்!’ கூடவே மலிவு விலையில் ஒரு சாதாப் பதிப்பும் வந்திருந்தது. அதில் அதே புதுக் குரல், அதே ஆவேசம். ‘மா’வை மட்டும் கம்ப்யூட்டரில் நறுக்கியிருந்தார்கள். அதைப் பற்றி நர்ஸ் யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை.

அன்று மாலை மகள் ஆபீஸிலிருந்து போன் செய்தாள்.

“அம்மா, எங்க மேனேஜர் உன் டீலக்ஸ் பெட்டியை வாங்கிட்டாரும்மா! உள்ள உக்காந்து ‘மா’வோட முழுசாக் கேட்டாரு. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. ‘நியாயமான கேள்வி’ன்னு சொன்னாரும்மா.”

நர்ஸுக்கு நெஞ்சு நிறைந்தது. “அப்பாடா! அப்ப எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரா?”

“இல்லம்மா, அவரு மட்டும் தூங்கப் போயிட்டாரு. எங்களுக்குச் சாதாப் பதிப்பைப் போட்டு விட்டுட்டுப் போயிருக்காரு.”