எழுபத்திரண்டு புள்ளி ஆபத்து

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது என் இரண்டு கைகளிலும் தண்ணீர் நிரப்பிய ரப்பர் கையுறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மலேசியாவில், கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, எங்காவது சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். (நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியது இதற்குத்தான்.) சொட்டு விழக் காத்திருந்த அந்த நேரத்தில், மதியம் கேன்டீனில் பார்த்த காணொளி மனதில் ஓடியது. தென் தாய்லாந்தின் ஹாலா-பாலா காடு. ஒரே அத்திமரத்தில் கூட்டமாக இருவாச்சிப் பறவைகள்.

நாமும் போனால் என்ன?

என்ன என்றால், குண்டு. அந்த வட்டாரம் பல வருடங்களாகக் குண்டு, துப்பாக்கிச் சூடு, ராணுவச் சோதனைச் சாவடி என்றே செய்தியில் வருகிற இடம். எனக்கும் பயம் இருந்தது. ஆனால் என்னிடம் ஒரு படிவமும் இருந்தது.

தொழிற்சாலையில் எல்லா ஆபத்துக்கும் அந்தப் படிவம்தான். ஒரு கோளாறு நடந்தால் எவ்வளவு மோசம், நடக்க எவ்வளவு வாய்ப்பு, முன்கூட்டியே கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மூன்றுக்கும் புள்ளி கொடுத்துப் பெருக்க வேண்டும். நூறுக்குக் கீழே வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். குண்டுக்கு மோசம் ஒன்பது, வாய்ப்பு நாலு, கண்டுபிடிக்கும் கஷ்டம் நாலு போட்டேன். நூற்று நாற்பத்து நாலு வந்தது. யோசித்தேன். வாய்ப்பை இரண்டாகக் குறைத்தேன். எழுபத்திரண்டு! இப்படியாக ஒரு மாநிலத்தின் பாதிப் பிரச்சினையை ஈப்போ வீட்டில் உட்கார்ந்தபடியே தீர்த்து வைத்தேன்.

காப்புறுதி முகவரிடமும் கேட்டேன். “அந்த ஏரியாவுக்கு கவர் இல்லலா” என்றார். அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லாததால் விட்டுவிட்டேன். அங்கே வாழும் ஒரு மனிதரிடமாவது நிலவரம் கேட்டேனா என்றால், அதற்கும் கட்டம் இல்லை.

மிச்சம் இருந்தது அம்மா. ஈப்போவின் புந்தோங் பகுதியில் காலை நேரத் தோசைக் கடை நடத்துகிறவர். தோசையைத் திருப்பிக்கொண்டே என் படிவத்தைப் பார்த்தார்.

“அந்தக் குருவி நம்ம கிரிக் காட்டுல இல்லயா?”

“இருக்கு.”

“எத்தன வக இருக்கு?”

“அங்க உள்ளது எல்லாமே இருக்கு. ரெண்டும் ஒரே காடுதான்மா. நடுவுல எல்லைக் கோடு மட்டும்தான்.”

“அப்ப கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னே பாக்கலாமே?”

இந்தக் கேள்விக்கும் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் மூன்று நாள் கெஞ்சினேன். கடைசியில் அம்மா இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, “நானும் வாரேன்.” இரண்டு, ஏதாவது ஏடாகூடமானால் என் பாஸ்போர்ட் அவருடைய அலமாரிக்குள் போகும், சாவி அவரிடம் இருக்கும். பறவை பார்க்க இன்னும் பத்து நாட்டுப் பட்டியல் வைத்திருந்த எனக்கு இது ஆயுள் தண்டனை. இருந்தாலும் எழுபத்திரண்டை நம்பிக் கையெழுத்தே போட்டேன்.

எல்லை ஊரான ரந்தாவ் பாஞ்சாங் போகும் பஸ்ஸில் அம்மாவுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன். “பைய விட்டுட்டு எங்கயும் நகரக் கூடாது. சொல்லுங்க.” “பைய விட்டுட்டு எங்கயும் நகரக் கூடாது,” என்று அம்மா சமர்த்தாகச் சொன்னார். இரண்டு பாஸ்போர்ட்டையும் அந்தப் பையின் பக்கவாட்டு ஜிப்பிலேயே வைத்தேன். எப்படியும் பையை விட்டு நகரப் போவதில்லையே!

எல்லைப் பாலத்தை நடந்து தாண்டி, வேன் பிடித்து, காட்டோரத்தில் ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். ஒரு முச்சந்தி, ஒரு சோதனைச் சாவடி, எதிர்ப்புறம் காக் யா என்ற அக்காவின் டீக்கடை. அந்தப் பக்கத்து மக்களும் மலாய் பேசுவதால் அம்மாவுக்கு ஏக குஷி. காட்டுக்குப் போகும் வண்டிக்காகக் கடை பெஞ்சில் பையை வைத்து உட்கார்ந்தோம். காக் யா எங்களுக்கு டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே ரொட்டி சுடப் போனார்.

அப்போது தலைக்கு மேலே ‘புஸ்... புஸ்...’ என்று, கிழட்டு ரயில் மூச்சு விடுவதைப் போல ஒரு சத்தம். இருவாச்சியின் சிறகுச் சத்தம்!

அடுத்து எனக்கு நினைவிருப்பது, கடைக்குப் பின்னாலிருந்த ரப்பர் மரங்களுக்கு நடுவே நான் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால், “பாப்பா! ஓடாதலா! சிலிப்பர் அறுந்துரும்!” என்று அம்மா. என்னைத் தனியாக விடக் கூடாது என்பது அவருடைய ஒரே சட்டம். கால் மணி நேரம் துரத்தி, கடைசியில் பறவையைப் பார்த்தோம். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“இதுவா? இது நம்ம பங்கோர் தீவுல ஹோட்டல் வாசல்ல நின்னு வாழப்பழம் கேக்குமே!”

அதேதான். அச்சு அசல் அதே வகை.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால், ஊரே மாறிக் கிடந்தது. சாலையின் குறுக்கே கயிறு. ஆள் நடமாட்டம் இல்லை. எல்லாரும் தூரத்தில் ஒரு சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். நான் உடனே நிபுணத்துவக் குரலில் அம்மாவின் காதில் சொன்னேன்: “பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன். யாரோ பைய விட்டுட்டுப் போயிருக்காங்க.”

“பாப்பா,” என்றார் அம்மா மெதுவாக, “அது நம்ம பை.”

வேற்றூர்க்காரர் இரண்டு பேர் பெஞ்சில் பையை வைத்தார்கள். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து ஓடினார்கள். காக் யா பார்த்தது அவ்வளவுதான். அவர் சாவடிக்குச் சொல்லிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

கையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். ராணுவ அதிகாரி தாய்லாந்து மொழியில் கேட்க, காக் யா மலாயில் சொன்னார்: “பைக்குள்ள என்ன?”

“துணி, புத்தகம். நானே அடுக்கினது. பட்டியல் இருக்கு,” என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அதிகாரியின் முகம் இறுகியது. தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டார்களாம். பாதி திறந்த ஜிப்புக்கு வெளியே ஒரு வயர் தொங்குகிறது. உள்ளே உருண்டையாக, கறுப்பு டேப் சுற்றிய ஏதோ உலோகம்.

நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

“மா...?”

“ரைஸ் குக்கர்,” என்றார் தரையைப் பார்த்தபடி.

“எப்ப வச்சீங்க?”

“நீ குளிக்கப் போனப்ப. அந்த ஊரு சோறு எப்படி இருக்குமோன்னு...”

“கறுப்பு டேப் எதுக்குமா?”

“மூடி தொறந்துக்கும்ல! உள்ள அரிசி, அப்பளம், ஊறுகா போத்தல் எல்லாம் இருக்கு.”

இதைக் காக் யா மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. சொல்லை நம்பிப் பையைத் தொடுவது அங்கே வழக்கமில்லை. நிபுணர் வர வேண்டும். தேவைப்பட்டால் வெடிக்க வைத்தே செயலிழக்கச் செய்வார்களாம். எங்கள் பாஸ்போர்ட் இரண்டும் அதற்குள்தான். அலமாரியில் பூட்டி வைக்கவாவது அவை மிஞ்ச வேண்டுமே என்று முதல் முறையாக வேண்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, மெத்தை போன்ற உடையில் நிபுணர் வந்தார். கொக்கி மாட்டி, தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தார். பை பெஞ்சிலிருந்து ‘டமார்’ என்று விழுந்தது. எல்லாரும் தலையைக் குனிந்தோம். ஒன்றும் ஆகவில்லை. பைக்கு அடியிலிருந்து சிவப்பாக ஏதோ கசிந்தது. பிறகு காற்று எங்கள் பக்கம் திரும்பியது.

மாங்காய் ஊறுகாய்.

சிப்பாய்களில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். சுவருக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். காக் யா மட்டும் சிரிக்கவில்லை. எதிர்ப்புறத்தைக் காட்டினார்.

“அங்க ஒரு கடை இருந்துச்சு. ஒருத்தன் இப்படித்தான் பைய வச்சிட்டுப் போனான்.”

எதிரே, சாவடிக்குப் பக்கத்தில் வெறும் சிமெண்டுத் தரை இருந்தது. ஓரத்தில் புல் முளைத்திருந்தது. டீக்குக் காத்திருந்தபோது அதைப் பார்த்தேன். வண்டி நிறுத்தும் இடம் என்று நினைத்தேன்.

அவர்களால் எனக்கு என்ன ஆகும் என்று வரிசையாகப் புள்ளி போட்டவளுக்கு, என்னால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு கட்டம்கூடத் தோன்றவில்லை. “மின்தா மாஃப், காக்” என்று மன்னிப்புக் கேட்டேன். அம்மா விளக்குமாற்றை எடுத்துச் சிந்திய அரிசியைக் கூட்ட ஆரம்பித்தார். காக் யா அதைப் பிடுங்கினார். அம்மா விடவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் விளக்குமாற்றை இழுத்தார்கள்; பிறகு எப்படியோ இருவருமே சிரித்துவிட்டார்கள்.

மாலைக்குள் எல்லைக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. எங்கள் வண்டி வரும்வரை அம்மா அந்தக் கடையில் ரொட்டிக்கு மாவு பிசைந்து கொடுத்தார். குடிநுழைவு முகப்பில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைத் திறந்து, முகர்ந்து, மூடி, மறுபடி திறந்து முகர்ந்தார். நான் எங்கேயோ பார்த்தேன்.

வீடு வந்ததும் அது அலமாரிக்குள் போனது. கையெழுத்துப் போட்டவள் வாதாட முடியுமா? குக்கரை வைத்தது யார் என்று ஒரு தடவை கேட்டேன். “ஓடுனது யாரு?” என்று பதில் வந்தது. என் அண்ணன் இன்றுவரை, நான் குப்பை கொட்டப் போனாலும் விடுவதில்லை. “ஓய், நீயே அடுக்குனதா? பட்டியல் இருக்கா?”

நான் எதிர்பார்க்காதது, காக் யாவின் குரல் பதிவுகள். மாவு பிசைந்த நேரத்தில் இருவரும் நம்பர் மாற்றிக்கொண்டார்களாம்; தினமும் காலையில் வந்துவிடும். அம்மா தோசைக்கல் பக்கத்தில் போனை வைத்து, கடைக்கே கேட்கும்படி ஓட விடுவார். இன்று சந்தை கூடியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஆற்றோரச் சாலையில் நேற்று ஏதோ சத்தம், இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. புந்தோங்கில் தோசை தின்ன வருகிற ஆசாமிகள்கூட, “அங்க ரோடு தொறந்துட்டாங்களாக்கா?” என்று கேட்கிறார்கள்.

போன வாரம் வந்த பதிவில் வேறு செய்தி. மழைக்காலம் முடிந்ததும் காக் யாவின் மகளுக்குக் கல்யாணம். நாங்கள் அவசியம் வர வேண்டுமாம். அம்மா எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து, காலாவதித் தேதியைப் பார்த்து, மேசைமேல் வைத்தார்.

இந்த முறை படிவம் இல்லை. கிளம்பும் அன்று காலை காக் யா “வா” என்றால் போகிறோம், “வராதே” என்றால் வீட்டிலேயே இருக்கிறோம். கல்யாணத்துக்கு மறுநாள் காட்டுக்குள் போக எனக்கு அரை நாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

காக் யாவிடம் கேட்டுச் சொல்வதாக அம்மா சொல்லியிருக்கிறார்.