முன் சீட்டுக்கு அடியில் ஒரு காவல்

எனக்கும் மூளை உண்டு என்று காட்டக் கிளம்பிய நாட்களில்தான் என் மானம் அதிகம் போயிருக்கிறது. அதில் முதலிடம் கருவாட்டுக்கு.

எண்பதுகளின் தொடக்கம். பிள்ளைச்சாவடி என்ற மீனவக் கிராமத்துப் பெண்ணான நான், டவுனில் சாரம் என்ற பகுதிக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று மாதம். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் அவர் கொஞ்சிப் பேசுவது தன் பழைய ஃபியட் காரோடு மட்டும்தான். என்னிடம் "காப்பி", "போதும்" என்று இரண்டே வார்த்தை. (அதையும் டம்ளரைப் பார்த்துத்தான் சொல்வார்.)

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் நின்ற இரண்டு கார்களின் கண்ணாடியை உடைத்து ரேடியோவைத் தூக்கிப் போய்விட்டார்கள். மாமனாருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் காரைக் காப்பாற்றிக் கொடுத்தால் மூன்றாவது வார்த்தை கிடைக்கும் என்று எனக்கு ஆசை. அம்மா கொடுத்தனுப்பிய சுறாக் கருவாட்டைப் பேப்பரில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் முன் சீட்டுக்கு அடியில் செருகினேன். திருடன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடமாட்டானா? (கண்ணாடியை உடைத்த பிறகுதானே அவனுக்கு வாசனை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.)

கார் நான்கு நாள் வெயிலில் வெந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் மாமனார் காரை எடுக்கும் சத்தம் கேட்டது.

"மாமா எங்க போறாரு?" என்றேன் கணவரிடம்.

"அவரு சிநேகிதர் பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் நம்ம கார்லதான்."

நான் வாசலுக்கு ஓடுவதற்குள் கார் போய்விட்டது. பொடி போட்டுப் போட்டு மாமனாருக்கு மூக்கு வேலை செய்யாது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் மண்டபம் போய்ச் சேர்ந்தபோது ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கழுத்து வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே இருந்தார். பின்னால், யாரும் அழைக்காமலே மூன்று நாய்கள்.

"என்னாய்யா, பெரிய மார்க்கெட் மீன் கடை வழியாவா சுத்தி வந்தீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மாமனார் குனிந்து தேடிப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். "இதை யாரு வச்சது?"

"திருடன் வரக்கூடாதுன்னு... நான்தான் மாமா."

"பிள்ளைச்சாவடி சீரு போலருக்கு!" என்றாள் ஒருத்தி. மண்டப வாசலே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"தெருவுல ரெண்டு காரை உடைச்சுட்டானுங்க, என் கார மட்டும் தொடல," என்றார் மாமனார். "சிரிக்கிறவங்கல்லாம் உங்க கார்ல என்னா காவல் வச்சிருக்கீங்க?"

பொட்டலத்தை டிக்கியில் வைத்துப் பூட்டினார். என்னைக் கடந்து போகும்போது முகத்தைப் பார்த்து, "மெர்சி," என்றார். பிரெஞ்சில் நன்றி. எனக்கு வேண்டிய மூன்றாவது வார்த்தை.

மாமனார் இப்போது இல்லை. அந்த மாப்பிள்ளைக்குப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டுக் காரில் ஏறச் சொன்னால், முதலில் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார்.