எடுத்துப்பார் நானாவும் இரண்டு சென்டர்களும்

நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு சாமானைக் கழற்றாமல் விட முடியாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் புத்தளத்தில், களப்புக் கரைக்குப் போகும் எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் எடுத்துப்பார் நானா; எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்.

"ஒரு சாமான்ட பெறுமதி தெரியணுமா? அத எடுத்துப் பாரு. என்ன விழுதோ அதான் பெறுமதி." இவ்வளவுதான் அவருடைய தத்துவம். ஆனால் அதை அவர் வாயோடு வைத்திருக்கவில்லை. கணக்குப் படிப்பிக்கிற சேர் ஒருவர் காற்றடிக்கச் சொல்லி விட்டுப்போன சைக்கிளில், எந்தக் கம்பி சும்மா நின்று சம்பளம் எடுக்கிறது என்று பார்க்க, பின்சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். சேர் மீன் சந்தை வரைக்கும் சைக்கிளில் போனார். அங்கிருந்து சைக்கிள் சேரின் தோளில் வந்தது.

"என்ன வேல நானா இது?"

"கோவப்படாதீங்க சேர். எல்லாக் கம்பியும் வேணும் எண்டு இப்ப தெரிஞ்சிட்டுதானே. நேத்து அது ஒங்களுக்குத் தெரியாது."

கணக்குச் சேர் அல்லவா, விடை சரியாக இருந்ததால் பேசாமல் போய்விட்டார். நானா எதிரே இருந்த தேநீர்க்கடைக்காரரிடமும் ஒரு நாளைக்கு இஞ்சியை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அன்றைக்கு எல்லோரும் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்தார்கள். அதன் பிறகு அந்தக் கடைக்காரர் இவரைக் கண்டால் இஞ்சிப் பையை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

இந்தத் தத்துவத்தை அவர் எங்கிருந்து பிடித்தார் என்றால், கூடைப்பந்தில் இருந்து. மனிதர் ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை. கடைக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் திடல் இருந்தது, அவ்வளவுதான். மேட்ச் உள்ள நாளில் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு பழைய டயரில் உட்கார்ந்து பார்ப்பார்.

அந்தக் காலத்தில் அங்கே இரண்டு சென்டர்கள் இருந்தார்கள். சென்டர் என்றால் வளையத்துக்குக் கீழே நிற்கிற நெடியவன். ஒருவன் ராசிக், எங்கள் ஊர் டீம். உயரத்தைப் பார்த்து வெளிச்சவீடு என்போம். பந்து கைக்கு வந்தால் புள்ளிதான். மற்றவன் கபூர். தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு, குடும்பத்தோடு வெறுங்கையாக வந்து சேர்ந்த பெடியன், அகதி முகாம் பெடியன்களின் டீமுக்கு விளையாடினான். அவன் புள்ளி போட்டு யாரும் கண்டதில்லை. ஆனால் அவனைத் தாண்டி வளையத்துக்குக் கீழே போனவனும் இல்லை. அவனுக்குக் கதவு என்று பெயர்.

இருவரில் யார் பெரிய ஆள்? ஊர் முழுக்க ராசிக் என்றது. நானா மட்டும் கபூர் என்றார்.

"ராசிக் காய்ச்சல்ல படுத்த மேட்ச் ஞாபகம் இரிக்கா? ஆளில்லாம டீம் வெண்டிச்சி! மத்த நாலு பேரும் அண்டைக்குத்தான் பந்தக் கண்ணால கண்டானுகள். கபூர்ட மூக்கு ஒடஞ்சி வெளிய இருந்த மேட்ச்ல என்ன நடந்த? சந்தைக்குப் போற மாதிரி எல்லாரும் வளையத்துக்குக் கீழ போய் வந்தானுகள்."

"நானா, ராசிக்க மறிக்க ரெண்டு பேர் போறாங்க. அப்ப மத்தவங்களுக்கு இடம் கிடைக்குதுதானே?" என்று நானும் விடமாட்டேன்.

"இடம் கெடச்சி என்னத்துக்கு? பந்து வரணுமே மச்சான்!"

அத்தோடு விட்டால் பரவாயில்லை. டியூப் ஒட்ட வந்தவர்களையெல்லாம் பிளேயர்களாக்கி விளக்கம் நடக்கும். முச்சக்கரவண்டிக்காரர் டயரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அதுதான் வளையம். மீன்காரர் கையை விரித்து நின்றால் அவர் கபூர். சில்லுக் கழற்றிய சைக்கிளோடு ஆட்கள் வரிசையில் நிற்க, மீன்காரரின் பெட்டியைப் பூனை பார்த்துக்கொள்ளும்.

காலம் ஓடியது. ராசிக் இரும்புக்கடை முதலாளியானார். கபூர் லொறி எடுத்தார். டீம்கள் கலைந்தன, திடலில் ஆடு படுத்தது. நானா மட்டும் நிறுத்தவில்லை. மேட்ச் பார்த்தே இராத பிள்ளைகளிடமும் ராசிக்கைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கபூரின் மகனுக்கும் ராசிக்கின் மகளுக்கும் சம்பந்தம் பேசினோம். இடையில் நின்று பேசியது நான். ஊர்க்காரர் வீடு, வந்தவர் வீடு என்ற பழைய கதையெல்லாம் தாண்டி, பிள்ளைகளும் விரும்பி, எல்லாம் சரியாக வந்தது. ராசிக்கின் வீட்டில் இரு பக்கமும் கூடியிருந்த நாளில், ராசிக்கின் தம்பி சும்மா இருக்க முடியாமல், அழைப்பில் வந்திருந்த நானாவைப் பார்த்துக் கேட்டார்.

"நானா, ரெண்டு சம்பந்தியும் இங்க இரிக்காங்க. இப்ப சொல்லுங்க பாப்பம், யாரு பெரிய ஆள்?"

நான் நானாவின் காலை மிதித்தேன். அவர் காலை எடுத்துக்கொண்டு சொன்னார்: "டீமுக்கு எண்டா கபூர்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ராசிக் சிரிக்கவில்லை. கையில் இருந்த சர்பத் கிளாஸை அப்படியே வைத்துவிட்டார். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நிச்சய விருந்துல எல்லாருக்கும் முன்னால அந்த மனிசன் மாத்திச் சொல்லணும். இல்லாட்டி மோதிரம் போடுற இல்ல."

"ராசிக், அது பழைய வெளையாட்டு..."

"எனக்கு வெளையாட்டு இல்ல."

ராசிக்கின் மகள் உடுப்பெல்லாம் தைத்துவிட்டாள். ஓடினேன் நானாவிடம். "ஒரே ஒரு பொய், நானா. ஒரு நல்ல காரியத்துக்கு."

"பொய் சொல்லி மோதிரம் போட்டா பரக்கத் இரிக்குமா, வாழ்க்கை வெளங்குமா?" என்றார். பிறகு நெடுநேரம் ஒரு செயினை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "போ, நான் பாத்துக்கிறன்."

விருந்தன்று நானா வரவில்லை.

எங்கள் ஊர் விருந்து எப்படியென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு சஹனுக்கு ஆறு பேர். பெரிய தட்டு நிறையச் சோறு, மேலே கோழி, அதற்கு மேலே மூடி. ஆறு பேரும் சுற்றி உட்காராமல் மூடியைத் திறப்பதில்லை. சம்பந்திகள் இருவரும், ராசிக்கின் தம்பியும், கபூரின் மச்சானும், நானும் ஐந்து பேர். ஆறாவது இடம் நானாவுக்கென்று வைத்தது. மண்டபம் முழுக்க மற்ற சஹன்களில் ஆட்கள் எலும்பு கடிக்கிற கட்டத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருந்திருந்தாற்போல ராசிக் எழும்பினார்.

"எங்க அந்த மனிசன்? வாங்க போவம்."

சம்பந்திகள் இருவரும் முன்னே, நான் பின்னே. நானா கடைக்குள் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார். புதுச் சாரமும் தொப்பியும் போட்டிருந்தார்.

"ஏன் வரல்ல?" என்றார் ராசிக்.

"வந்தா யாராவது கேப்பாங்க. கேட்டா உண்மையச் சொல்லிருவன். புள்ளட காரியம் கொழம்பும். அதான் என்னயே எடுத்துட்டன்."

ராசிக் கடை வாசலில் இருந்த டயர்க் குவியலில் உட்கார்ந்தார்.

"நானா, நான் பந்து வெளையாடினது என்ட புள்ளைகளுக்கே தெரியா. என்ட எல்லா மேட்சையும் பாத்த ஆள் இந்த ஊர்ல நீங்க ஒராள்தான். நீங்களும் நான் சரியில்ல எண்டா, நான் வெளையாடாத மாதிரித்தானே?"

நானா பாண் துண்டைக் கீழே வைத்தார். "அட பைத்தியக்காரா. நீ சரியில்ல எண்டு நான் எப்ப சொன்ன? சரியில்லாத ஒருத்தனப் பத்தி எவனாவது இத்தின வருஷம் கதைப்பானா?"

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கபூர், வாழ்க்கையில் முதல்தடவையாக இந்த விஷயத்தில் வாய் திறந்தார்.

"நானா, நான் ஒண்டு சொல்லட்டா? ராசிக்க மறிச்சபடியாத்தான் எனக்கு கதவு எண்டு பேர் வந்தது. வேற ஆரையும் மறிச்சிருந்தா ஆருக்கு என்னைத் தெரியும்? முகாம்ல இருந்த ஒரு பெடியன், அவ்வளவுதான்."

நானாவின் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டும். எழும்பியே விட்டார். "அப்ப ராசிக்க எடுத்துப் பாத்தா கபூரே இல்ல! யா அல்லாஹ், இத நான் யோசிக்கவே இல்லயே! முழுக்கக் கணக்கும் பிழ! திரும்ப முதல்ல இருந்து பாக்கணும்!"

"முதல்ல வந்து சோறு தின்னுங்க," என்று ராசிக் அவர் கையைப் பிடித்து இழுத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். மூடியைத் திறந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பின்னேரம் மோதிரம் போட்டார்கள்.

இப்போது பிள்ளைகளுக்கு நிக்காஹும் முடிந்துவிட்டது. நானா கணக்கைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். சம்பந்திகள் இருவரும் பின்னேரங்களில் கடைக்கு வந்து, ராசிக் கபூருக்காகவும், கபூர் ராசிக்குக்காகவும் வாதாடுகிறார்கள். முடிவு இந்த ஜென்மத்தில் வராது போலிருக்கிறது, வராமலே இருக்கட்டும். என்னிடம் சைக்கிள் கிடையாது. ஆனாலும் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால், என் கால் நேரே அந்தக் கடைக்குத்தான் போகிறது. அந்த மனிதரின் குரலைக் கேட்காமல் வீட்டுக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை.